மழைக்கால ஃப்ளூவும் உங்கள் வகுப்பும்: புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

அக்டோபரில் முதல் அடைமழை பெய்து பத்து நாள் ஆனால் போதும், எந்தத் தொடக்கப் பள்ளி வகுப்புக்குள் நுழைந்தாலும் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் முதலில் காதில் விழும். அடுத்த வாரம் பாதி பெஞ்சு காலி. இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், ஒன்றாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ கையில் கொடுத்திருக்கிறார்கள் என்றால், நீங்கள் முதலில் செய்யப்போவது அநேகமாக ஒரு சானிடைசர் புட்டி வாங்கி மேசைமேல் வைப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் பதினேழு வருடம் சின்னப் பிள்ளைகளோடு மழைக்காலத்தைத் தள்ளியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஃப்ளூவைத் தடுக்க அந்தப் புட்டியைவிட வருகைப் பதிவேடுதான் அதிகம் உதவும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, காய்ச்சலோடு யார் வந்திருக்கிறது, அந்தப் பிள்ளையை வீட்டில் ஏன் அனுப்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கீழே எழுதியிருப்பது ஜூன் மாதத்திலிருந்து வரிசையாகச் செய்ய வேண்டியவை. எங்கள் ஊர்ப்பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சீசன் என்பதால் அதை வைத்துச் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இன்னொரு சுற்று வருவதும் உண்டு.

எதிராளியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

ஃப்ளூ என்பது இன்ஃபுளுயென்சா வைரஸ். சாதாரணச் சளி மெதுவாகத் தொடங்கும், இரண்டு நாள் மூக்கு ஒழுகி, அப்புறம் இருமலாக மாறும். ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளை மத்தியானம் மேசையில் தலையைச் சாய்த்துவிடும். உடம்பு அனலாகக் கொதிக்கும், தலைவலி, கைகால் வலி, வறட்டு இருமல். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் சேர்ந்து வருவதால் "சாப்பாடு ஒத்துக்கலை" என்று நினைத்து ஏமாந்துபோவோம்.

வைரஸ் உள்ளே போனதிலிருந்து காய்ச்சல் வர ஒன்று முதல் நாலு நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு நாள். திங்கட்கிழமை இருமிய பிள்ளையின் பக்கத்து இடத்துக்காரன் புதன்கிழமை படுப்பான், கணக்கு அவ்வளவுதான். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடும். பெரியவர்கள் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார்கள், சின்னப் பிள்ளைகள் அதற்கு மேலும். ஆகவே எல்லாவற்றையும் தடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பத்துப் பேருக்கு வர வேண்டியதை மூன்று பேரோடு நிறுத்த முடிந்தால் அதுவே பெரிய விஷயம்.

ஜூன், ஜூலை: பெற்றோரிடம் பேசி வைப்பது

இதைத்தான் நான் இருப்பதிலேயே முக்கியமான படி என்பேன், ஏனென்றால் மழை தொடங்கிய பிறகு பேசினால் யார் காதிலும் ஏறாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ, வகுப்பு வாட்ஸப் குழுவிலோ, வாசலில் பிள்ளையை விட வரும்போதோ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே செய்தி போக வேண்டும். காய்ச்சல் என்றால் அனுப்பாதீர்கள், லீவு லெட்டர் வேண்டாம், டாக்டர் சீட்டு வேண்டாம், போனில் ஒரு வார்த்தை போதும், விட்டுப்போன பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொல்லும்போது குரலில் அதட்டல் இருக்கக் கூடாது. "இந்த டீச்சர் திட்டும்" என்று ஒரு அம்மா நினைத்துவிட்டால் அடுத்த முறை காய்ச்சலை மறைத்துத்தான் அனுப்புவார்.

ஏன் அனுப்புகிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். அலட்சியத்தால் அனுப்புகிறவர்கள் ரொம்பக் குறைவு. அம்மா நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போக வேண்டும், அப்பா வெளியூரில் கட்டட வேலையில் இருப்பார், வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கு வந்தால் காலை உணவும் மத்தியானச் சத்துணவும் உறுதி, வீட்டில் இருந்தால் நேற்றைய சோறு. இந்த நிலைமையில் "பொறுப்பில்லாமல் அனுப்புகிறீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் ஜூன் மாதமே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்: பிள்ளைக்கு முடியவில்லை என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பாட்டியா, சித்தியா, எதிர்வீட்டு அக்காவா? அவர்கள் நம்பர் என்ன? அப்பா நம்பர் ஒன்றை மட்டும் வாங்கி வைத்தால், தேவைப்படும் நாளில் அது சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும். குறைந்தது இரண்டு நம்பர்.

வீசிங் உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறவர்கள் யார் என்பதையும் இதே சமயத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ இவர்களைத்தான் அதிகம் படுத்தும்.

அப்புறம் அந்த 'நூறு சதவீத வருகை' பரிசு. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸைப் பரிசாக அறிவித்தேன். அதற்காகவே ஒரு பெண் பிள்ளை கண் சிவக்க, உடம்பு நடுங்க மூன்று நாள் வந்து உட்கார்ந்திருந்தது, கேட்டால் "ஒண்ணுமில்லை டீச்சர்" என்றது. அந்த வாரம் வகுப்பில் ஒன்பது பேர் படுத்தார்கள். பரிசைக் கொடுத்தேன், அடுத்த வருடம் நிறுத்திவிட்டேன்.

தினமும் காலையில், ஐந்து நிமிடம்

செயலியில் வருகை போடுவது எப்படியும் நடக்கும். அதில் வந்தார், வரவில்லை என்பது மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வராத பிள்ளையின் பெயர், காரணம்: காய்ச்சல், திருவிழா, மழை, சும்மா. காரணம் தெரியாவிட்டால் பத்து மணிக்குள் ஒரு போன். நோட்டின் பின்னட்டையில் வகுப்பு உட்காரும் வரிசையைப் படமாக வரைந்து, காய்ச்சல் வந்தவர் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். இரண்டு வாரத்தில் அந்தப் புள்ளிகளே உங்களுக்குக் கதை சொல்லும், பெரும்பாலும் பெஞ்சு பெஞ்சாகத்தான் நகரும்.

ஒரு வருடம் அப்படி நகரவில்லை. என் வகுப்பில் ஒன்று, நாலாம் வகுப்பில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று சம்பந்தமே இல்லாமல் புள்ளிகள். டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து மண்டையைக் குழப்பிக்கொண்டதில், நாலு பேரும் ஒரே ஆட்டோவில் வருகிறவர்கள் என்று ஆயாதான் கண்டுபிடித்துச் சொன்னார். மழைக்காகப் பக்கவாட்டுத் திரையை இறக்கிவிட்டு, பதினோரு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வரும் ஆட்டோ. அன்றிலிருந்து யார் எதில் வருகிறார்கள் என்பதையும் நோட்டில் எழுதுகிறேன். ஆட்டோ அண்ணனிடம் சொன்னால் கேட்பார்கள், தூறல்தான் என்றால் ஒரு பக்கத் திரையையாவது தூக்கிவிடச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் உள்ளே வரும்போது முகத்தைப் பாருங்கள். நெற்றியில் சுடும் துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர் பள்ளியில் இருக்கலாம், வெயிலில் ஓடி வந்தவனுக்கும் மழையில் நனைந்து வந்தவனுக்கும் அது தப்பாகக் காட்டும், ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். என் கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான், அக்குளில் வைத்துப் பார்ப்பேன். அக்குளில் சற்றுக் குறைவாகத்தான் காட்டும் என்பதால் 99.5 பாரன்ஹீட் தாண்டினாலே வீட்டுக்குப் போன் போடுவேன். பாதரசத் தெர்மாமீட்டர் வகுப்பறைக்கு வேண்டாம், உடைந்தால் வேறு வம்பு.

ஜன்னல்

மழை என்றதும் நாம் செய்யும் முதல் காரியம் ஜன்னலைச் சாத்துவது. நாற்பது பிள்ளைகள், சாத்திய ஜன்னல், மேலே சுற்றும் மின்விசிறி, நடுவில் ஒருவன் இருமல். விசிறி புதுக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே எல்லோருக்கும் பரிமாறும். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் சாத்துங்கள், எதிர்ப்பக்கத்து ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். இடைவேளையில் எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். கொக்கி இல்லாத ஜன்னல் படபடவென்று அடித்துக்கொள்ளும், ஒரு சணல் கயிறு போதும். இருமல் உள்ள பிள்ளையைக் காற்று வெளியேறும் ஜன்னல் பக்கம் மாற்றி உட்கார வைக்கலாம், ஆனால் "உனக்கு சளி, தள்ளி உட்கார்" என்று சொல்லி அல்ல. "இங்கே வா, போர்டு நல்லாத் தெரியும்" என்றால் சந்தோஷமாக வருவான்.

எச்சில் விவகாரம்

இதைப் பாடப்புத்தகத்தில் சொல்லித்தர மாட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பது, பென்சில் முனையைக் கடிப்பது, கடித்த பென்சிலைக் கடன் கொடுப்பது, இதெல்லாம் நாள் முழுக்க நடக்கும். ஒரு சின்ன டப்பாவில் ஈரப் பஞ்சு, வரிசைக்கு ஒன்று, சிலேட்டு எச்சில் அதோடு நின்றுவிடும். காக்காய்க் கடியை நிறுத்துவது மட்டும் கஷ்டம். மிட்டாயைச் சட்டைத் துணியில் சுற்றிக் கடித்தால் எச்சில் படாது என்று நாமும்தானே நம்பினோம். துணியில் இந்த வைரஸ் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை இருக்கும், எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் ஒன்றிரண்டு நாள்கூட. மிட்டாய் பகிர்வதைத் தடை செய்யாதீர்கள், அது நட்பு. பிறந்தநாள் மிட்டாய் என்றால் ஆளுக்கு ஒன்றாக நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள், சீசன் முடியும்வரை.

தண்ணீர்க் குடத்தின் மேல் ஒரே டம்ளர் என்றால் அன்றே மாற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில், மூடியில் பெயர். பாட்டில் இல்லாத பிள்ளைக்குத் தனி டம்ளர் வாங்கி வைப்பது உங்கள் செலவில் போனாலும் பரவாயில்லை, முப்பது நாற்பது ரூபாய்க் காரியம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறோம் என்று பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, இரண்டே டம்ளரில் எல்லோருக்கும் மாற்றி மாற்றி ஊற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கசாயத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. கொடுப்பதானால் ஆளுக்கொரு டம்ளரில் கொடுங்கள், குடித்துவிட்டான் என்பதற்காகக் காய்ச்சல்காரனை வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்.

கை கழுவுவது

ஃப்ளூ வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும், அதனால் எந்தச் சோப்பானாலும் சரி, 'கிருமிநாசினி' என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. குறைந்தது இருபது விநாடி தேய்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு விநாடி தெரியாது, இரண்டாம் வாய்ப்பாட்டை நிதானமாகப் பத்து வரை சொல்லச் சொல்லுங்கள். கை கழுவின மாதிரியும் ஆச்சு, வாய்ப்பாடு படித்த மாதிரியும் ஆச்சு.

நடைமுறைச் சிக்கல் சோப்பு காணாமல் போவதுதான், இல்லையென்றால் சாக்கடையில் வழுக்கி விழுவது. பழைய நைலான் சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள். அதைவிட மலிவு, ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரோடு கொஞ்சம் துணிப்பவுடர் கலந்து மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைப்பது. மூன்று குழாய்க்கு நூறு பிள்ளைகள் என்றால் சத்துணவு மணி அடித்ததும் தள்ளுமுள்ளுதான், வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பின்னாக விடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தண்ணீர் வராத நாளுக்குத்தான் அந்தச் சானிடைசர், அதில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதுவும் உங்கள் கையால் ஊற்றுங்கள், பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள்.

இருமும்போது உள்ளங்கையை வைக்காமல் முழங்கையை மடித்து வைக்கப் பழக்குங்கள். எல்கேஜி பிள்ளைகளுக்குச் சட்டையில் பின் குத்தித் தொங்கவிடும் கர்ச்சீப் நல்லதுதான், தினமும் துவைத்தால். வாரம் முழுக்க அதே கர்ச்சீப் என்றால் இல்லாமலிருப்பதே மேல்.

வகுப்பு நடுவே காய்ச்சல் வந்தால்

மற்ற பிள்ளைகளிடமிருந்து ஆறடியாவது தள்ளி, காற்றோட்டமான வராந்தாவில் ஒரு பெஞ்சு. பிள்ளையால் மூச்சு விட முடிந்தால், பெரிய பிள்ளை என்றால், மாஸ்க் போடலாம். பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும், தனியறையில் போட்டுப் பூட்டிவிட்டு வரக் கூடாது. சட்டையைத் தளர்த்திவிடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், வீட்டுக்குப் போன். அண்ணன்காரன் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான் என்று அவனோடு அனுப்புவதோ, அதே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுவதோ கூடாது.

மாத்திரை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால்கூடப் பிள்ளையின் எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஓர் ஆபத்தான நிலையை உண்டாக்கக்கூடும். "போன தடவை கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கு" என்று சொல்லும் பெற்றோரிடம், வைரஸுக்கு அது வேலை செய்யாது என்று சொல்லிவிடுங்கள். ஃப்ளூவுக்கென்று ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது, தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன், அது வேண்டுமா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். வீசிங் உள்ள பிள்ளைகளை 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாமல் அன்றே காட்டச் சொல்வது இதனால்தான்.

மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா உள்ளே போவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, எழுப்பினால் சரியாக விழிக்காதது, தண்ணீர்கூட இறங்காதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெற்றோர் வரட்டும் என்று காத்திருக்காமல் 108.

அதே மாதங்களில் டெங்குவும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சளியோ இருமலோ இல்லாமல் வெறும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, வயிற்றுவலி, தோலில் சிவப்பு என்றால் ஃப்ளூ என்று நாமாக முடிவுகட்டக் கூடாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டமே தொடங்கலாம். டெங்குவா ஃப்ளூவா என்று தெரியும்வரை இபுபுரூஃபன் என்ற காய்ச்சல், வலி மருந்து வேண்டாம்.

எப்போது திரும்ப வரலாம்?

காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு. 'மருந்து கொடுக்காமலேயே' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குச் சிரப்பை ஊற்றி அனுப்பினால் பிள்ளை கலகலவென்று வரும், பதினொன்றரைக்கு மருந்தின் வேகம் இறங்கியதும் கொதிக்கத் தொடங்கும், அதற்குள் காலை முழுக்க முப்பது பேரோடு உட்கார்ந்தாயிற்று. இருமல் மட்டும் இரண்டு வாரம்கூட நீடிக்கும், அதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். நல்லாகி வந்து, ஒரு நாள் கழித்து மறுபடி காய்ச்சல் ஏறினால் மட்டும் உஷார், நிமோனியாவாக இருக்கலாம்.

வரிசையாக விழத் தொடங்கினால்

இரண்டு மூன்று நாளுக்குள் ஒரே வகுப்பில் மூன்று பேர் காய்ச்சல் என்றால் நான் நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போய்விடுவேன், இது என் சொந்தக் கணக்கு. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ சொன்னால் முகாம் போட வருவார்கள். பெற்றோருக்குச் சந்தேகம் என்றால் 104 உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

காலை இறைவணக்கக் கூட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, அது திறந்த வெளி. நிறுத்த வேண்டியது மூன்று வகுப்பை ஒரே அறையில் அடைத்து நடத்தும் ஆண்டு விழா ஒத்திகை மாதிரியானவை. பள்ளியையே மூடுவது நம் கையில் இல்லை, அரசு முடிவு செய்யும். 2009 ஆகஸ்டில் பன்றிக்காய்ச்சல் சமயத்தில் புனேயில் மூடினார்கள். 2023இல் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது புதுச்சேரியில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை விட்டார்கள். அதே மாதம் தமிழ்நாட்டில் மூடாமல் 10ஆம் தேதி 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். என்னைக் கேட்டால், மூடினாலும் பிள்ளைகள் தெருவில் ஒன்றாகத்தான் விளையாடும்.

துடைப்பது பற்றி இரண்டு வரி போதும். கதவுப் பிடி, குழாய், மேசை, சோப்புத் தண்ணீரால் தினம் ஒருமுறை. பிளீச்சிங் பவுடர் கரைசல் பயன்படுத்தினால் பிள்ளைகள் போன பிறகுதான். அதைக் கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், கலந்தால் விஷவாயு கிளம்பும்.

தடுப்பூசி

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும், பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், ஆகவே மழைக்கு முன்பே. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதல் முறை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். அரசின் வழக்கமான இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், அதனால் எல்லாப் பெற்றோரையும் வற்புறுத்த எனக்கு மனம் வராது. வீசிங் பிள்ளைகளின் வீட்டில் மட்டும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுவேன். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் உங்கள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள், கர்ப்பிணிகளை ஃப்ளூ கடுமையாகத் தாக்கும்.

உங்களுக்கே வந்தால்

வராதீர்கள். தற்செயல் விடுப்பை மிச்சம் பிடிப்பது, 'நான் இல்லாவிட்டால் பாடம் போய்விடும்' என்பது, எல்லாம் எனக்கும் தெரியும், நானும் மாஸ்க் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டே பாடம் நடத்தியவள்தான். ஆனால் ஆசிரியர் வராத நாளில் நம் பள்ளிகளில் என்ன நடக்கும்? வகுப்பை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துப் பக்கத்து வகுப்புகளில் நெருக்கி உட்கார வைப்பார்கள், உங்கள் வகுப்புக் காய்ச்சல் அன்றே மூன்று வகுப்புக்குப் போய்விடும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், என் பிள்ளைகளைப் பிரிக்காமல் இரண்டு வகுப்புக்கும் நடுவில் உள்ள வராந்தாவில் ஒரே கூட்டமாக உட்கார வைத்தால் போதும் என்று. அன்றைய வேலையைக் காலை எட்டு மணிக்குள் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அந்த நாற்பது பக்க நோட்டு எந்த இழுப்பறையில் இருக்கிறது, புது சோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே அனுப்புங்கள்.